நம் பெயருக்கு நேரே எழுதப்பட்ட கடன்

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்பு கட்டி நின்றதும், மய்யித்தின் மகனோ தம்பியோ முன்னே வந்து சொல்லும் ஒரு வார்த்தையை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். "எங்கள் வாப்பா யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், அதற்கு நான் பொறுப்பு" என்பார். சிலர் விசும்பிக்கொண்டே சொல்வார்கள். சிலருக்குப் பதிலாக இமாமே சொல்லிவிடுவார். அடக்கம் முடிந்து திரும்புகையில் மளிகைக் கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒரு சீட்டை நீட்டக்கூடும். பழைய கூட்டாளி ஒருவர், "அதை நான் ஹலாலாக்கிவிட்டேன் தம்பி" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போகக்கூடும்.

இந்த அறிவிப்பைக் கேட்க வங்கி வருவதில்லை. அது தன் கணக்கை வேறோர் ஏட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஏட்டைப் பற்றித்தான் இம்மாதம் எழுத எண்ணினோம். "சிபிலில் பெயர் கெட்டுவிட்டது, என்ன செய்வது?" என்று நம்மிடம் கேட்போர் பெருகிக்கொண்டே வருகின்றனர். அவர்களில் பலர் அந்த ஏட்டைக் கண்ணால் கண்டதே இல்லை என்பதுதான் வியப்பு.

சிபில் என்பது அரசாங்க அலுவலகம் என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். அப்படியன்று. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி அது. இன்று அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் இதே தொழிலைச் செய்கின்றன. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இவை இயங்குகின்றன. கடன் கொடுப்பதோ மறுப்பதோ இவற்றின் வேலையன்று. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யார் எவ்வளவு வாங்கினார், எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் தவறினார் என்று சொல்வதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். இன்னொரு வங்கி கேட்டால் எடுத்துக் கொடுக்கும். அந்த விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் போடும். எழுதுபவர் இவர், சொல்லித் தருபவர் வங்கி. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

"நாம் வட்டிப் பக்கமே போகாதவர்கள், நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களை அல்லாஹ் அப்படியே நிலைக்கச் செய்வானாக. கடனே வாங்காதவருக்கு அந்த ஏட்டில் ஒன்றும் இராது. ஒன்றும் இல்லாமலிருப்பது குற்றமும் அன்று. ஆனால், "வட்டியில்லாத் தவணை" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் கைப்பேசியோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்கியவர்களும் இவர்களில் உண்டு. அங்கே கடைக்காரர் கடன் கொடுப்பதில்லை. ஒரு நிதி நிறுவனம் கடைக்காரருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு, நம் பெயரில் கடன் கணக்கைத் திறக்கிறது. ஒரு தவணை தவறினாலும் ஏட்டில் ஏறும். நகைக்கடனும் ஏறும். எவருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் ஏறும்.

இன்னொரு பேச்சும் நம் காதில் விழுகிறது. "வட்டிக்கு வாங்கிய கடன்தானே, ஹராமான ஒப்பந்தம்தானே, கட்டாவிட்டால் என்ன?" என்கிறார்கள். இதைச் சொல்பவர் வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. வட்டி ஒப்பந்தத்தில் புகுந்தது பாவம். அதற்குத் தவ்பா உண்டு. ஆனால் வாங்கிய முதல் பிறருடைய பொருள். அதை வைத்துக்கொள்ளத் தவ்பா உதவாது. வசதியிருந்தும் கடனைத் திருப்பாமல் இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, கடன் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று பிரித்துச் சொல்லவில்லை. மேலும், இழுத்தடிக்க இழுத்தடிக்க வட்டிதானே வளர்கிறது? வட்டியை வெறுப்பவர் அல்லவா முந்திக்கொண்டு அடைக்க வேண்டும்?

சரி, அந்த ஏட்டைப் பார்ப்பது எப்படி? 2017ஆம் ஆண்டு முதல், ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அந்தந்தக் கம்பெனியின் இணையதளத்தில் பான் அட்டை விவரங்களைக் கொடுத்துப் பெறலாம். பெரியவர்களுக்குக் கைவராவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் எடுத்துத் தருவார்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறுகிய காலத்தில் பல வங்கிகளில் கடன் கேட்டு விண்ணப்பம் போட்டால்தான் குறையும்.

அறிக்கை கைக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 36 மாதம் வரை காட்டுவார்கள். மூன்று சுழியங்கள் இருந்தால் அம்மாதம் பாக்கியில்லை. 30, 60, 90 என்று எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் என்ற நிலைக்கு வந்துவிடும். மூன்று எக்ஸ் எழுத்து இருந்தால் வங்கி அம்மாதம் தகவல் தரவில்லை என்று பொருள், பயப்பட வேண்டியதில்லை. பிறகு கணக்கின் நிலை என்று ஒரு வரி இருக்கும். "க்ளோஸ்டு" என்றிருந்தால் முடிந்துவிட்டது. "செட்டில்டு", "ரிட்டன் ஆஃப்", "சூட் ஃபைல்டு" என்றிருந்தால் அங்கேதான் கறை.

கறை இருவகை. ஒன்று பொய்யான கறை. மற்றது மெய்யான கறை. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்தறியாமல் ஓடுவதால்தான் நம்மவர்கள் தரகர்களிடம் சிக்கிக்கொள்கிறார்கள்.

பொய்யான கறைக்கு நம் சமூகத்தில் தனிக் காரணமே ஒன்றுண்டு. அது நம் பெயர்கள். ஒரே தெருவில் நான்கு முஹம்மது இப்ராஹீம்கள் இருப்பார்கள். அவர்களில் இருவரின் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் எழுதி வைத்திருப்போம். பெண்களின் பெயரில் பீவி, பேகம், நாச்சியார் என்பவை ஓர் ஆவணத்தில் இருக்கும்; மற்றொன்றில் இராது. இனிஷியலை ஒரு வங்கி விரித்து எழுதும். இன்னொன்று அப்படியே விடும். முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதிதான். வகுப்பில் பாதிப்பேருக்கு ஜூன் முதல் தேதி! இப்படிப் பெயரும் தேதியும் ஒத்துப்போய், அடுத்த தெரு இப்ராஹீமின் மோட்டார் சைக்கிள் கடன் இந்த இப்ராஹீமின் ஏட்டில் வந்து உட்கார்ந்துகொள்வது நடக்கிறது. ஆகவே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே எழுத்தில் அமைத்துக்கொள்வது கடனுக்காக மட்டுமன்று, ஹஜ் பயணத்துக்கும் பத்திரப் பதிவுக்கும்கூட நல்லது. அலுப்பான வேலைதான், ஒருமுறை செய்தால் போதும்.

கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுவதும் பொய்யான கறையே. சபரில் இருக்கும் சகோதரர்களுக்கு இது அதிகம் நேருகிறது. ஊரைவிட்டுப் போகும்போது கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். எழுத்து மூலம் முடிக்காத கார்டில் ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இதைப் பொய்க் கறை என்பதா மெய்க் கறை என்பதா என்று நமக்கே சந்தேகம்தான். பாதிப் பிழை நம்முடையது.

திருத்தம் கேட்பது நமது உரிமை. யாருடைய தயவும் தேவையில்லை. எந்தக் கணக்கு, அதில் எந்த வரி, அது ஏன் தவறு என்று எழுதி, ரசீது, பாக்கியில்லை என்ற சான்று ஆகியவற்றின் நகலைச் சேர்த்து, தகவல் கொடுத்த வங்கிக்கு ஒன்றும் அறிக்கை தந்த கம்பெனிக்கு ஒன்றும் அனுப்ப வேண்டும். வங்கி ஒப்புக்கொள்ளாமல் கம்பெனி தானாக எதையும் மாற்றாது. மேலே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கம்பெனிகளின் அறிக்கையிலும் அதே தவறு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முப்பது நாளுக்குள் அவர்கள் முறையீட்டைத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டது. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. வங்கி தன் பங்குக்கு 21 நாளுக்குள் கம்பெனிக்குப் பதில் அனுப்பியாக வேண்டும்; தவறியது யாரோ அவர் இழப்பீட்டைத் தர வேண்டும். திருத்த மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அப்படியும் நியாயம் கிடைக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் இந்தக் கம்பெனிகளும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இனி, மெய்யான கறை.

"பணம் கொடுத்தால் சிபிலை அழித்துத் தருகிறோம்" என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள், கைப்பேசியிலும் அழைக்கிறார்கள். உண்மையாகத் தவறிய தவணையை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. இவர்கள் செய்வதெல்லாம் "இது என் கடனே அல்ல" என்று நம் பெயரில் பொய் முறையீடு போடுவதுதான். வங்கி இல்லையென்று மறுத்ததும் கறை திரும்ப வந்துவிடும். கொடுத்த பணம் திரும்ப வராது. பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொண்டு நம் பெயரிலேயே புதுக்கடன் எடுத்தால் அதுவும் நம் தலையில். கடனை எழுதுவதைப் பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது. கடன்பட்டவன் தானே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அதில் எதையும் குறைத்துவிடக் கூடாது என்று அல்லாஹ் அங்கே கட்டளையிடுகிறான். உள்ள கடனை இல்லையென்று எழுதித்தரக் கூலி கொடுப்பவர் அந்த வசனத்தை நினைக்கட்டும்.

"ரிட்டன் ஆஃப்" என்ற வார்த்தையைத் தமிழில் தள்ளுபடி என்று பெயர்த்ததால் வந்த குழப்பம் கொஞ்சமன்று. தேர்தல் சமயத்தில் அரசாங்கம் அறிவிக்கும் கடன் தள்ளுபடி வேறு, இது வேறு. வராது என்று முடிவுகட்டி வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவே. கடன் அப்படியே இருக்கிறது. கேட்கும் உரிமையும் இருக்கிறது. "வங்கியே தள்ளிவிட்டது, இனி நமக்கென்ன" என்று நிம்மதியாக இருப்பவர், அந்த நிம்மதியை எங்கிருந்து பெற்றார் என்று தெரியவில்லை.

"செட்டில்டு" என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பாக்கி இரண்டு லட்சம். ஒரே தடவையில் ஒரு லட்சம் கட்டினால் போதும் என்று வங்கி இறங்கி வருகிறது. இது மார்க்கத்தில் கூடுமா? கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்க, இருவர் குரலும் உயர்ந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். ஆகவே, கொடுத்தவர் மனமொப்பி விட்டுக்கொடுத்த பாதி மறுமையில் நம்மைப் பிடிக்காது என்று நம்பலாம். இயலாதவனுக்கு அவகாசம் தருவதும், விட்டுக்கொடுப்பதும் குர்ஆன் புகழும் செயல்களே. ஆனால் இயலாதவனைப் போல நடித்து விட்டுக்கொடுக்க வைத்தவன் கதை வேறு. வங்கி மேலாளருக்கு அது தெரியாமல் போகலாம்.

மறுமைக் கணக்கு அப்படியிருக்க, இந்த ஏடு மட்டும் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. "செட்டில்டு" என்று எழுதியதைப் பார்க்கும் அடுத்த வங்கி, முழுதும் கட்டாதவர் என்றே எடுத்துக்கொள்ளும். இந்தத் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் அவர்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பேசித் தீர்க்கும் கடிதத்தில் கையெழுத்திடும் முன், ஏட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். பிற்பாடு வசதி வந்தால், விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டிவிடுகிறோம், "க்ளோஸ்டு" என்று மாற்றித் தருவீர்களா என்று வங்கியிடம் எழுத்து மூலம் கேட்கலாம். பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டிய பிறகு பாக்கியில்லை என்ற சான்றை வாங்காமல் படியிறங்காதீர்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு இருமுறையேனும் தகவல் அனுப்ப வேண்டும் என்று இருப்பதால், ஒரு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மாற்றம் தெரிய வேண்டும். பழைய தாமதக் கட்டங்கள் அழியா. புதிய மாதங்கள் வந்து அவற்றைப் பின்னுக்குத் தள்ளத்தான் வேண்டும். அதற்குப் பொறுமை தவிர வேறு வழியில்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறோம்? இந்த ஏட்டைக் கடன் கொடுப்பவர் மட்டும் பார்ப்பதில்லை. வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் அறிக்கை சரியில்லை என்று வங்கி ரத்து செய்தது. அது செல்லும் என்று 2025ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவர் சிறிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வாழ்நாளில் வங்கிக் கடன் வாங்காதவர். மூத்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உறவினரிடம் கேட்டு, அறக்கட்டளைகளுக்கு எழுதி, எங்கும் கூடிவராமல், மனமில்லா மனத்தோடு கல்விக்கடனுக்குப் போனார். (அது கூடுமா என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள், அவரவர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.) வங்கியில், "உங்கள் பெயரில் ரிட்டன் ஆஃப் கணக்கு இருக்கிறதே" என்றார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், ஆறு வருடங்களுக்கு முன் மச்சானின் லாரிக் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து நினைவுக்கு வந்தது. "சும்மா ஒரு கையெழுத்து மச்சான், பேருக்குத்தான்" என்று சொல்லி வாங்கிய கையெழுத்து.

ஜாமீன் பேருக்கு அன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவில், கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. மார்க்கமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு தீனார் கடனோடு மரணித்தவருக்குத் தொழவைக்காமல் நாயகம் (ஸல்) அவர்கள் பின்வாங்கியபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அதைத் தாம் ஏற்றுக்கொண்டார்கள். பிறகே தொழுகை நடந்தது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நாயகம் அதோடு விட்டுவிடவில்லை. மறுபடியும் அவரைச் சந்தித்தபோது, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்றே விசாரித்தார்கள். கொடுத்தாயிற்று என்று கேட்ட பிறகுதான் அந்த மய்யித்துக்கு நிம்மதி கிடைத்ததாகச் சொன்னார்கள். ஜாமீன் நின்றவரை நபியே மறுநாள் கேட்கிறார்கள் என்றால், வங்கி கேட்பதில் என்ன குறை காண்பது?

அந்த வீட்டில் சில மாதங்கள் பேச்சுவார்த்தையே இல்லை. இடையில் நின்று தவித்தவர் அவர் மனைவி; கடன்பட்டவர் அவருடைய உடன்பிறந்த தம்பி. கடைசியில் ஜமாஅத் தலைவர் இருவரையும் லுஹருக்குப் பின் பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார வைத்தார். லாரி எப்போதோ போய்விட்டது. மீதிக் கடனில் மச்சான் தன் மனைக்கட்டை விற்று ஒரு பங்கும், ஜவுளிக்கடைக்காரர் ஒரு பங்கும் போட்டு, பேசித் தீர்க்காமல் முழுதுமே கட்டினார்கள். சான்று வந்தது. ஏட்டில் "க்ளோஸ்டு" என்று மாறியதைப் பார்க்க இரண்டு மாதமும் இரண்டு கடிதமும் ஆயின. அதற்குள் கல்லூரியில் சேரும் தேதி கடந்துவிட்டது.

மகள் மறு வருடம் சேர்ந்தாள். வங்கிக்குப் போகவில்லை, முதலாண்டுக் கட்டணத்தை ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகக் கொடுத்தார்கள். தலைவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, தொகையும் தவணையும் எழுதி, ஜவுளிக்கடைக்காரரே உரக்கப் படிக்கும்படி சொல்லி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். ஜாமீனுக்கு யார் என்று கேட்டபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து வந்தார். கையெழுத்திடும் முன் நோட்டை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார்.